பழம் ஏன் போதவில்லை?

ஒன்பது வயதில் புது நன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்க, தயாரானபோது பங்குச் சாமியாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "சாமி, எங்க தோட்டத்துப் பழத்தை அப்படியே பீடத்துல வச்சா ஆண்டவர் ஏத்துக்க மாட்டாரா? எதுக்கு இரசமாக்கணும்?"

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அப்பா ஒன்றரை ஏக்கரில் கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தலில் பன்னீர்த் திராட்சை போட்டிருந்தார். எங்கள் பக்கம் இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை. ஒவ்வொரு அறுவடையிலும் முதல் கூடை கோயிலுக்குப் போகும். காணிக்கை நேரத்தில் அம்மா அதைப் பீடத்தடியில் வைப்பார். பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிடுவார்கள். பீடத்தின் மேல் ஏறுவது எங்கிருந்தோ போத்தலில் வரும் இரசம்தான். எங்கள் பழம் கீழேயே நின்றுவிடும். அது எனக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது. இந்தத் திராட்சையையே 1832இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். சாமியார் கொண்டுவந்த கொடியின் பழத்துக்குச் சாமியின் பீடத்தில் இடமில்லையா என்று எனக்கு ஆற்றாமை.

சாமியார் என் தலையைத் தடவி, "பெரியவளானா புரியும்" என்றார்.

பெரியவளானேன். முப்பத்து நான்கு ஆண்டு தமிழாசிரியையாக இருந்து ஓய்வும் பெற்றேன். கேள்வி அப்படியே இருந்தது. போன அக்டோபரில், 67 வயதில், ஜார்ஜியா நாட்டு மலையோரக் கிராமம் ஒன்றில் அதற்கு ஒரு பதிலின் நுனி கைக்கு அகப்பட்டது.

பேத்தி திபிலீசி நகரில் மருத்துவம் படிக்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். "அம்மாச்சி, அக்டோபர்ல வாங்க. நம்ம ஊரு மாதிரியே எங்க பார்த்தாலும் திராட்சை" என்று இரண்டு வருடமாக அழைத்துக்கொண்டிருந்தாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் பெரியப்பா ககேத்தி மாநிலத்தில், தெலாவி நகருக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிறார். வீட்டோடு ஒட்டிய சின்ன இரசக்கூடம் ஒன்றும் உண்டு. அங்கே போவதென்று முடிவாயிற்று. கொம்போரி கணவாயைத் தாண்டி வண்டி இறங்கியபோது கீழே அலசானி ஆற்றின் பள்ளத்தாக்கு தெரிந்தது. அதற்கப்பால் காகசஸ் மலைத்தொடர், உச்சியில் பனி. கொடிகள் மட்டும் நம் பந்தல் போல் தலைக்கு மேல் படரவில்லை. இடுப்புயர வரிசைகளாக நின்றன.

மறுநாள் ஞாயிறு. அலவேர்தி பேராலயத்துக்குப் போனோம். 6ஆம் நூற்றாண்டில் சிரியப் பக்கத்திலிருந்து வந்த யோசேப்பு என்னும் துறவி தொடங்கிய மடம் அது என்பது அவர்கள் மரபு. இப்போதுள்ள கோயில் 11ஆம் நூற்றாண்டில் கட்டியது. துறவிகள் இன்றும் அங்கே இரசம் செய்கிறார்கள். உட்கார பெஞ்சு கிடையாது. தலையில் முக்காடிட்டு இரண்டு மணி நேரம் நின்றேன். அவர்கள் கீழைச் சபையார், நான் கத்தோலிக்கப் பெண். நன்மை வாங்க எனக்கு முறையில்லை, பார்க்கத்தான் முடியும். பார்த்தேன். இரசத்தில் நனைந்த அப்பத்தைக் குருவானவர் கரண்டியால் ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டினார். நடுவில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். ஆறு மாதம் இருக்கும். குழந்தையின் முகவாய்க்கு அடியில் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டார்கள். கரண்டி நுனியில் ஒரு சொட்டு. குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டியது.

என் கால்கள் நடுங்கின. பேத்தி, "என்ன செய்யுது அம்மாச்சி?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். தோட்டத்தில் கவாத்து அவன் வேலை. எந்தக் கண்ணை விட்டு எந்தக் கிளையை வெட்டுவது என்று அவன் கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட கை முப்பத்தைந்து வயதுக்கு மேல் காலையிலேயே நடுங்க ஆரம்பித்தது. கடைக்குப் போய் நின்றபடியே ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவான். யாரோடும் சேர்ந்து குடித்ததில்லை. நாற்பத்து நான்காம் வயதில் ஈரல் கெட்டுப் படுத்துவிட்டான்.

கடைசி நாட்களில் குருவானவர் நன்மை கொண்டுவந்தார். அண்ணனால் அப்பத்தை விழுங்க முடியவில்லை. அப்பத்தை உட்கொள்ள முடியாத நோயாளிக்கு இரசத்தின் வடிவில் மட்டும் நன்மை கொடுக்கலாம், அது திருச்சபை அனுமதித்த முறைதான். "நாளைக்கு இங்கேயே பூசை வைக்கிறேன். ஒரு சொட்டு நாக்குல விடலாம்" என்றார் குருவானவர். அம்மா எழுந்து நின்று கைகூப்பினார். "வேண்டாம் சாமி. அந்த ஒரு சொட்டும் என் பிள்ளைக்கு வேண்டாம்." குருவானவர் வற்புறுத்தவில்லை. மறுநாள் விடியும் முன் அண்ணன் போய்விட்டான்.

ஆண்டவரின் இரத்தம் என்று ஊரே மண்டியிடும் ஒன்றை, பெற்ற பிள்ளையின் சாகும் வாயிலிருந்து ஒரு தாய் தள்ளிவிட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து என் சின்ன வயதுக் கேள்வி வேறு கேள்வியாகிவிட்டது. பழமாகவே இருந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லையே. பழத்தைத் தின்று யாரும் குடும்பத்தைக் கெடுத்ததில்லை. தீங்கறியாத பழத்தை விட்டுவிட்டு, ஆளைக் கொல்லக்கூடிய ஒன்றை ஆண்டவர் ஏன் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டார்?

நம் தமிழும் இதில் ஒரு திரை போட்டு வைத்திருக்கிறது. கோயிலில் 'இரசம்' என்கிறோம், தெருவில் 'சரக்கு' என்கிறோம். சொல் வேறானதால் இரண்டும் உறவில்லாத பொருள்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். வேதாகமம் அப்படித் திரை போடவில்லை. முதல் திராட்சைத் தோட்டம் போட்ட நோவாவே முதலில் போதையேறி ஆடை விலகிக் கிடந்தவரும். தோட்டமும் வீழ்ச்சியும் ஒரே கதையில், அடுத்தடுத்த வரியில் வருகின்றன.

அன்று மாலை பெரியவரின் இரசக்கூடத்துக்குள் போனோம். அதை மரானி என்கிறார்கள். தாழ்வான கூரை, செங்கல் சுவர், மண் தரை. வெறும் அறை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தரையில் வட்ட வட்டமாக வாய்கள் தெரிந்தன. கழுத்து வரை பூமியில் புதைத்த மண்பானைகள். க்வெவ்ரி என்று பெயர். நம் முதுமக்கள் தாழி மாதிரி அடி கூம்பி, வயிறு பருத்திருக்கும். சிறியது நூறு லிட்டர், பெரியது சில ஆயிரம் லிட்டர் பிடிக்கும். குயவர் மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் காயவிட்டு, வாரக்கணக்கில் வளர்த்துச் சூளை வைப்பார். உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலீசிக்குத் தெற்கே கதச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா என்னும் மேடுகளில் தோண்டியெடுத்த பானைச் சில்லுகளில் திராட்சை இரசத்தின் தடயம் இருப்பதை 2017இல் அறிவித்தார்கள். அவை கி.மு. 6000 அளவில் செய்த பானைகள். அந்தத் தரையில் நிற்கும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் போலிருந்தது.

முந்தின நாள் மிதித்த பழம் ஒரு பானையில் பொங்கிக்கொண்டிருந்தது. கதவு, சன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. பழம் நொதிக்கும்போது எழும் கரியமில வாயு மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். பெரியவர் என்னைப் பானை வாயருகே குனியச் சொன்னார். அடுப்பில் பருப்பு கொதிக்கிற மாதிரி சன்னமான சத்தம், அடுப்பு மட்டும் இல்லை. தோலும் காம்புமாக மேலே எழும்பி, கருஞ்சிவப்பு ஆடையாகக் கட்டியிருந்தது. நீண்ட கட்டையால் அதைக் குத்தி உள்ளே அமுக்கினார். ஆடை பிளந்து உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று என் முகத்தில் மோதியது. எங்கள் வீட்டுத் தோட்டத்து வாசனை, அதற்குள் தோசைமாவு புளித்த வாசனை. இரவும் பகலுமாக ஒரு நாளைக்குப் பல தடவை இப்படி அமுக்கிவிட வேண்டுமாம். அடியில் கூம்பு இருப்பது எதற்கென்றும் காட்டினார். விதைகள் கீழே இறங்கி அந்தக் கூம்பில் அடங்கும், அவற்றின் மேல் வண்டல் மூடிக்கொள்ளும். கசப்பு மேலே வராது.

"ஈஸ்ட் எப்போ போடுவீங்க?" என்று பேத்தி மூலமாகக் கேட்டேன். பெரியவர் தலையாட்டினார். அவள் சொன்னாள்: "எதுவுமே போடுறதில்லையாம் அம்மாச்சி. பழத்தோலோடயே வருதாம். நான் செய்யிறது கழுவுறது, காவல் இருக்கிறது, அவ்வளவுதான்னு சொல்றார்."

காலியான பானைக்குள் இறங்கி, செர்ரி மரப்பட்டையில் செய்த தேய்ப்பானால் சுவரைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் குடிக்கிற தண்ணீராகத் தெளியும் வரை விடுவதில்லை. பொங்கி அடங்கியதும் மேலே கல்லோ பலகையோ வைத்து, களிமண்ணால் பூசி, காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். பூமி அதன் சூட்டைச் சீராக வைத்துக்கொள்கிறது. அடைத்துவிட்டு ஏன் தினமும் வந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "காடியாகிவிடக் கூடாதே" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இடம் மாறியது. பழத்தைச் சும்மா விட்டால் அது இரசத்தோடு நின்றுவிடாது. காற்றுப் பட்டால் தாண்டிப்போய்க் காடியாகிவிடும். இயற்கை அதை நடுவழியில் நிறுத்தித் தராது. பழம் முழுக்க முழுக்கக் கொடை. காடி கைவிட்டதால் ஆவது. இரண்டுக்கும் நடுவில், யாராவது ஒருவர் கழுவிக் காத்துக் கண்விழித்தால் மட்டுமே இரசம் நிற்கும். அதுவும் முழுக்க மனிதன் செயலல்ல. நொதிக்க வைப்பது இன்னதென்று 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டர் விளக்கும் வரை, அதற்கு முந்தின ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளும் இவர்கள் பெயர் தெரியாத ஒன்றை நம்பிப் பானையை மூடியிருக்கிறார்கள்.

பூசையில் இரசத்தை ஒப்புக்கொடுக்கும் செபம் அதைக் கொடியின் கனி என்றும் மனித உழைப்பின் பயன் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். உழைப்பு என்றால் மிதிப்பதும் பிழிவதும் என்று எண்ணியிருந்தேன். காவலும் உழைப்புதான் என்று அந்த மரானியில்தான் புரிந்தது. ஆண்டவர் பழத்தை மட்டும் கேட்டிருந்தால் தான் கொடுத்ததையே திருப்பி வாங்கியவராக இருந்திருப்பார். நம் கையில் கெட்டுப்போகக்கூடிய ஒன்றைக் கேட்டார். ஆபத்தில்லாத பொருள் அவருக்குத் தெரியாததல்ல. தண்ணீரை ஞானஸ்நானத்துக்கு வைத்துக்கொண்டார். தன் இரத்தத்துக்கு மட்டும், காவல் இல்லாவிட்டால் கெடும் பொருளை எடுத்தார். அன்பும் அப்படிக் கெடக்கூடியதுதானே. சிலுவையில் அவர் உதட்டுக்கு நீட்டியதும் புளித்துப்போன இரசம்தான்.

மூலையில் ஒரு சின்னப் பானை தனியாக அடைத்திருந்தது. அதை வீட்டார் குடிப்பதில்லை. கோயிலுக்கும் திருநாளுக்கும் இறந்தோர் நினைவுக்குமென்று நேர்ந்துவைத்தது, பெயர் ஸெதாஷே. "முதல் கூடை" என்று என்னையறியாமல் தமிழில் சொன்னேன்.

பிறகு மேசைக்கு அழைத்தார்கள். அடுப்புச் சுவரோடு ஒட்டிச் சுட்ட நீளமான ரொட்டி, பாலாடைக்கட்டி, அக்ரூட் பருப்பு அரைத்த கத்தரிக்காய். நான் அதுவரை நற்கருணை இரசத்தைக்கூட ருசித்ததில்லை. எங்கள் பங்கில் மக்களுக்கு அப்பம் மட்டும்தான். பெரியவர் மண்கிண்ணத்தில் போன ஆண்டு இரசத்தை ஊற்றினார். சப்பெராவி என்ற திராட்சை. அந்தப் பெயருக்கே சாயம் என்றுதான் பொருள். நம் பன்னீர்த் திராட்சையைப் பிதுக்கினால் உள்ளே வெளுப்பாக இருக்கும், இதற்குச் சதையும் சிவப்பு. கிண்ணத்தில் வெளிச்சம் ஊடுருவவில்லை. நாக்கில் முதலில் புளிப்பு, அடுத்து நாவற்பழம், கடைசியில் கடுக்காயைக் கடித்தாற்போல் ஈறு இழுக்கும் துவர்ப்பு. முகம் சுளித்துவிட்டேன். அடுத்தது நான்கு ஆண்டு இருந்தது. அதே கொடி, அதே பானை என்றார். துவர்ப்பு எங்கும் போய்விடவில்லை, ஆனால் கோபம் ஆறிய மனிதர் பேசுவது போலிருந்தது. மாதுளைத் தோலும் ஈரமண்ணும் மணத்தன. இரண்டு மடக்குக்கு மேல் நான் குடிக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அங்கே யாரும் தானாகக் கிண்ணத்தை எடுப்பதில்லை. மேசைத் தலைவர் ஒருவர் எழுந்து ஒன்றை நினைத்துப் பேசி முடித்தபின்தான் மற்றவர்கள் குடிக்கிறார்கள். முதலில் கடவுளுக்கு நன்றி, பிறகு சமாதானம், பிறகு வந்த விருந்தினர். அண்ணனின் பிளாஸ்டிக் தம்ளர் என் கண்முன் நின்றது. இப்படி ஒரு மேசை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானோ என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தில் நான் தங்கவில்லை. அடுத்த நினைவுரை இறந்தவர்களுக்கு என்றபோது பெரியவர் தன் தம்பியின் பெயரைச் சொன்னார். எப்படி இறந்தார் என்று பேத்தி கேட்டாள். "குடித்துத்தான்" என்றார். எட்டாயிரம் ஆண்டு மரபும் இத்தனை சொல்லும் இருந்தும் காவல் தவறிய இடம் அவர் வீட்டிலும் உண்டு.

எங்கள் வீட்டில் தவறியது எங்கே? நாங்களும் மூடித்தான் வைத்தோம். அண்ணன் குடிக்கிறான் என்பது வெளியே தெரியாமல் மூடினோம். விருந்துகளுக்கு அவனைக் கூப்பிடவில்லை. ஆள் வந்தால் உள்ளறையில் இருக்கச் சொன்னோம். பெரியவர் மூடிய பானையைத் தினம் வந்து கைவைத்துப் பார்க்கிறார். நாங்கள் மூடியபின் போய்ப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கள்ளுண்ணாமை அதிகாரத்தை வருடா வருடம் நடத்தினேன். அந்த அதிகாரம் சொல்வது உண்மை, இன்றும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் ஒருவன் கிடக்கும்போது பாடம் மட்டும் போதாது. அவன் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

இறந்தவர்களை நினைக்கும்போது ரொட்டித் துண்டின் மேல் சில சொட்டு இரசம் விடுவது அவர்கள் வழக்கம். எல்லோரும் விட்டார்கள். என் முறை வந்தது. குடியால் செத்தவனுக்கு மதுவைச் சொரிவதா? அம்மா கைகூப்பி நின்ற கோலம் தெரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணன் போய்ப் பல ஆண்டுக்குப் பின் ஒரு தியானத்தில் கேட்ட செய்தி. மதுவைத் தொடக்கூடாத குருக்கள் உண்டு, அந்த நோயிலிருந்து மீண்டவர்கள். அவர்களுக்காகத் திருச்சபை ஒரு வழி வைத்திருக்கிறது. ஆயரின் அனுமதியோடு, நொதிக்கத் தொடங்கியும் தொடங்காததுமான புதுச்சாற்றைக் கொண்டு பூசை வைக்கலாம். முஸ்தும் என்பார்கள். பொதுமக்களுக்கும் அப்படி அனுமதி தர இடமுண்டு. ஆண்டவரின் கிண்ணம் பலவீனனின் உயரத்துக்குத் தாழ்ந்து வரும் என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அவரே தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டியிருப்பார்.

"இன்னிக்கு மிதிச்ச பழத்தோட சாறு கொஞ்சம் கிடைக்குமான்னு கேளு" என்றேன். பேத்தி அண்ணன் கதையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோனார். சிறிய மண்கிண்ணத்தில் கொண்டுவந்து இரு கையாலும் நீட்டினார். ருசி பார்த்தேன். வெல்லம் போல் இனிப்பு, நாக்கு நுனியில் ஒரு சின்னச் சுறுசுறுப்பு மட்டும். பழமும் இல்லை, இன்னும் இரசமும் இல்லை.

அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் கள் சொரிவதைப் பார்த்து, இதை அவன் ஏற்பானோ என்று ஔவை தவிக்கும் புறப்பாட்டை எத்தனையோ வகுப்பில் நடத்தியிருக்கிறேன். துறையும் திணையும் சொல்லிக் கொடுத்தேன். அந்தத் தவிப்பு என் விரல் நுனிக்கு வந்தது அன்றுதான்.

மூன்று சொட்டு விட்டேன். ரொட்டியில் சிவப்பு பரவியது. அண்ணன் பெயரைச் சொன்னேன். ஒரு விருந்து மேசையில் அவன் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெரியவர் அந்தத் தமிழ்ப் பெயரைத் தன் நாக்குக்கு வந்தபடி, மெதுவாக, ஓர் எழுத்தும் விடாமல் திருப்பிச் சொன்னார்.